எந்தப் படகு, எந்த நாள்? கரையில் மீன் வாங்கி மத்திக் குழம்பு வைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் வளர்ந்த எனக்கு மீன் என்றால் மேட்டூர் அணையிலிருந்து வரும் கட்லாவும் ஜிலேபியும்தான். வேலைக்காகச் சென்னைக்கு வந்த பிறகு, கடல் நடந்து போகும் தூரத்தில் இருந்தும், முதல் இரண்டு ஆண்டுகள் கைப்பேசிச் செயலியில்தான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மே மாதக் கடைசியில், ‘இன்றைய மீன்’ என்ற வாசகத்தோடு வந்த வஞ்சிரத் துண்டுகளைக் குழம்பில் போட்டேன். கரண்டி பட்டதுமே அவை மாவுபோல உதிர்ந்தன. கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் ருசிகூடப் பார்க்காமல், “தடைக்காலத்துல எந்தப் போட்டு கடலுக்குப் போச்சுன்னு உனக்கு இன்னைக்கு வஞ்சிரம் வந்துச்சு தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் தேடிக் காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் அலைந்து, பலமுறை ஏமாந்து, பணத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தொலைத்த பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். சென்னைக்குப் புதிதாக வந்து, மீன் சமைக்க ஆசையிருந்தும் கரைக்குப் போகத் தயங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. கிளம்பும் முன் மூன்று தேதிகளைப் பாருங்கள்

முதலாவது தடைக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு, விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைப் பகுதிக்கு இது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை விதிக்கப்படுகிறது. கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் தடை கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே அந்த இரண்டு மாதங்களிலும் கரையில் மீன் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் கரையோரத்தில் கிடைக்கும் சிறு மீனாக இருக்கும். பெரிய மீன் கிடைத்தால் அது வேறு மாநிலத்தின் கரையிலிருந்து லாரியில் வந்ததாகவோ, குளிர்கிடங்கில் கிடந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட மீனை வாங்குவது தவறில்லை. அன்று பிடித்த மீனுக்கான விலையை அதற்குக் கொடுப்பதுதான் தவறு. நான் இரண்டு தடைக்காலங்களில் அப்படிக் கொடுத்தேன்.

இரண்டாவது வானிலை. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்திருந்தால், மறுநாள் சந்தையில் இருப்பது பழைய மீன்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது அடிக்கடி நடக்கும். முந்தைய நாள் இரவுச் செய்தியில் இந்த ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டுத் தூங்கப் போனால் ஒரு வீண் பயணம் மிச்சமாகும்.

மூன்றாவது கிழமை. ஞாயிற்றுக்கிழமை மீன் நிறைய வரும், கூட்டமும் வரும், விலையும் ஏறும். புரட்டாசி மாதத்தில் பல வீடுகளில் அசைவம் சமைப்பதில்லை என்பதால் விலை சற்று இறங்கும். பேரம் பேசிப் பழக அதைவிட நல்ல மாதம் இல்லை. முதல்முறை போகிறவர்கள் புதன், வியாழன் போன்ற ஒரு வேலைநாளில் போவது நல்லது. விற்கிறவர்களுக்கு அன்றுதான் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.

2. எங்கே வாங்குவது என்பதைப் படகை வைத்து முடிவு செய்யுங்கள்

மீன் கரைக்கு வந்த நாளும் அது பிடிபட்ட நாளும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் பல நாட்கள் கடலில் தங்கிவிட்டுத்தான் திரும்புகின்றன. முதல் நாள் வலையில் விழுந்த மீன், படகின் அடியில் ஐஸ் போட்ட அறையில் அத்தனை நாளும் கிடக்கிறது. சிறிய ஃபைபர் படகுகள் விடிவதற்கு முன்பே கிளம்பிக் காலையிலேயே திரும்பிவிடுகின்றன. ஐஸில் ஒழுங்காக வைத்த விசைப்படகு மீனும் நல்ல மீன்தான். ஆனால் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மிகுந்த, விரைவில் கெடும் மீன்களுக்கு ஒரு நாளும் பெரிய வித்தியாசம் செய்யும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் விசைப்படகுகளின் இடம். கரைப் பேச்சில் இவற்றை ‘லாஞ்சு’ என்பார்கள். அங்கே விடியற்காலையில் நடப்பது ஏலம். கூடைகூடையாக வியாபாரிகளுக்கு விற்கப்படும். அரைக் கிலோவுக்காகப் போகும் நீங்கள் ஏலக் கூட்டத்துக்குள் நுழையாமல், சில்லறையாக விற்கும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் போங்கள். நான் முதல் நாள் ஏலத்தின் நடுவே நின்று, தலையைச் சொறிந்ததை விலை ஏற்றியதாக யாரோ எண்ணிவிட, ஒரு கூடைக் காரப்பொடி மீனுக்குக் கிட்டத்தட்ட உரிமையாளனாகிவிட்டேன்.

மெரினாவின் தென்கோடியில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையில் கிடைப்பது பெரும்பாலும் ஃபைபர் படகு மீன். முன்பு சாலையோரத்தில் பலகை போட்டு விற்றவர்களுக்காக அங்கே 2024ஆம் ஆண்டு ஒரு மீன் அங்காடியும் திறக்கப்பட்டது. காலை 7 மணிக்குமேல் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுப்பதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். புதியவர்கள் இங்கே தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

கடற்கரை இல்லாத ஊர்க்காரர்கள் கடல் மீனைத் துரத்த வேண்டியதில்லை. அணை மீன் கிடைக்கும் ஊரில் அணை மீனும், தொட்டியில் உயிரோடு விற்கும் விராலும், மூன்று நாள் பயணம் செய்த சங்கராவைவிட நிச்சயமாக மேல். கட்லா, ரோகு வாங்கும்போது, அது உள்ளூர் அணை மீனா, ஆந்திரத்தின் கொல்லேறு வட்டாரக் குளங்களில் வளர்த்து லாரியில் வந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. என்ன காகிதம் பார்க்க வேண்டும்

கரையில் வாங்க எந்தக் காகிதமும் தேவையில்லை, ரசீதும் கிடைக்காது. எடைக்கு விற்றால், தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா, தட்டை வைக்கும் முன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். சிறு மீன்களைப் பெரும்பாலும் கூறு கட்டித்தான் விற்பார்கள். அதற்குத் தராசே இல்லை. கூறின் மேல்பக்கம் பெரிய மீனும் அடியில் நசுங்கியதும் இருப்பது வழக்கம் என்பதால், கையால் ஒருமுறை கலைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கேட்டால் யாரும் மறுத்ததில்லை. கேட்காமல் கை வைத்தபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் மீனுக்குத்தான் காகிதம் முக்கியம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச விலை, பொட்டலமிட்டவரின் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதில் இருக்கும் தேதி பொட்டலமிட்ட தேதி மட்டுமே. அது மீன் பிடிபட்ட தேதி அல்ல. நான் ஏமாந்த இடம் இதுதான். நேற்று பிடித்த மீனையும் பத்து நாள் ஐஸில் கிடந்த மீனையும் இன்று பொட்டலமிட்டால் இரண்டிலும் இன்றைய தேதியே இருக்கும்.

4. சமையலை முடிவு செய்துவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள்

வஞ்சிரம் வறுவல்தான் வேண்டும் என்ற முடிவோடு போனால், அது இல்லாத நாளிலும் அதைத்தான் வாங்கிவருவீர்கள். எது கொடுத்தாலும் வஞ்சிரம் என்று நம்பிவிடவும் செய்வீர்கள். தோலும் தலையும் நீக்கி வெட்டிய துண்டைப் பார்த்து மீனை அடையாளம் காணப் புதியவர்களால் முடியாது. முழு மீனாகத் தேர்ந்தெடுத்து, கண்முன்னே வெட்டச் சொல்லி வாங்குங்கள்.

கரையில் கேட்க வேண்டிய கேள்வி “ஃப்ரெஷ்ஷா?” என்பதன்று. அதற்கு ஒரே பதில்தான் உண்டு. “அக்கா, இன்னைக்கு ஃபைபர்ல என்ன ஏறுச்சு?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டபோது, நான் வழக்கமாக வாங்கும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்னால் அடுக்கியிருந்த சங்கராவை விட்டு, பின்னால் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்த மத்தியை எடுத்துக் காட்டினார். அன்றுமுதல் நான் என்ன சமைப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

மத்தியைச் சென்னையில் கவலை மீனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். குமரி மாவட்டத்தில் மத்தியையே சாளை என்பார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவையே. கண் தெளிவாகவும் சற்றுப் புடைத்தும் இருக்க வேண்டும். கலங்கிக் குழிந்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். பழுப்பு நிறம் கூடாது. வாலைப் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால் உடல் தொய்யாமல் நிற்க வேண்டும். மத்திக்கு எல்லாவற்றையும்விட வயிறுதான் முதல் சாட்சி: நேரமாகிவிட்ட மத்தியின் வயிறு வெடித்துக் குடல் வெளியே எட்டிப்பார்க்கும்.

இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். ஈ மொய்க்காவிட்டால், கெடாமலிருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் போட்ட மீன் என்று சொல்வார்கள். 2018இல் சென்னையில் விற்ற மீன்களில் ஃபார்மலின் கண்டறியப்பட்டது உண்மைதான். ஆனால் ஐஸ் நிறையப் போட்டிருந்தாலும் ஈ குறைவாகத்தான் இருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கென்றே கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் எளிய காகிதப் பட்டைச் சோதனை ஒன்றை உருவாக்கியிருக்கிறது. அடுத்தது, சுறாவிலும் திருக்கையிலும் லேசான அமோனியா வாடை இயல்பாகவே சீக்கிரம் வந்துவிடும். அவற்றின் உடலில் இருக்கும் யூரியாதான் காரணம். அதே வாடை மற்ற மீன்களில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள்.

5. செலவும் நேரமும்

விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால், அண்மையில் ஒரு வியாழக்கிழமை எனக்கு ஆன கணக்கை மட்டும் எழுதுகிறேன். ஒரு கிலோ மத்தி 160 ரூபாய், வெட்டுக்கூலி 40 ரூபாய், உடைத்த ஐஸ் 20 ரூபாய், பேருந்துக்கு 20 ரூபாய். மொத்தம் 240 ரூபாய். நான்கு பேர் குழம்பும் வறுவலுமாகச் சாப்பிட்டோம். அதே வாரம் செயலியில் அரைக் கிலோ வஞ்சிரத் துண்டுகளின் விலை இதைப்போல மூன்று மடங்குக்குமேல் இருந்தது.

ஒரு கிலோவில் ஏறக்குறைய 20 மத்தி நிற்கும். தலை, குடல், செதில் போனால் மிஞ்சுவது 650 கிராம் அளவுதான். எனவே நான்கு பேருக்கு ஒரு கிலோவுக்குக் குறைத்து வாங்க வேண்டாம். சிறு மீன்களை வெட்டித்தரச் சிலர் தயங்குவார்கள். மீனை வாங்கும் முன்பே வெட்டுகிற இடத்தில் கூலியைக் கேட்டுவிடுங்கள். தலையை உங்களிடமே தரச் சொல்லுங்கள், வீட்டில் பூனையோ செடியோ இருந்தால் வீணாகாது.

சில்லறை நோட்டுகள், மூடியுள்ள ஒரு டப்பா, பழைய துண்டு, நனைந்தாலும் கவலையில்லாத செருப்பு ஆகியவை போதும். டப்பாவின் அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேலே மறுபடியும் ஐஸ் என்று அடுக்குங்கள். இதைச் சிரமம் என்று தவிர்க்காதீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகிய மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வருவதற்கு அது காரணமாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. கெட்ட மீனைக் காரம் கூட்டிச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணத்தை அதனால்தான் விட வேண்டும்.

6. வீட்டில் சுத்தம் செய்தல்

முதல் மூன்று முறை வெட்டுக்கூலி கொடுத்துவிடுங்கள். நான்காம் முறை நீங்களே செய்து பாருங்கள். கத்தி வேண்டாம், சமையலறைக் கத்தரிக்கோல் போதும். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கட்டைவிரலால் தேய்த்தால் செதில் சுவரெல்லாம் தெறிக்காமல் கழன்றுவிடும். துடுப்புகளைக் கத்தரித்து, தலையை வெட்டும்போது முழுதாகத் துண்டிக்காமல் கொஞ்சம் தோலை விட்டுவைத்து, அப்படியே கீழ்நோக்கி இழுத்தால் குடலும் தலையோடு சேர்ந்து வந்துவிடும். வயிற்றின் உட்புறம் முதுகெலும்பை ஒட்டிக் கறுப்பாக ஓர் இரத்தக் கோடு இருக்கும். அதை விரல் நகத்தால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். குழம்பில் ஏறும் கசப்பும் கவிச்சியும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலிருந்துதான். கடைசியாகக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டுமுறை அலசுங்கள். எனக்கு முதல்முறை ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது அரைமணி.

7. குழம்பு

மத்தியில் பாதியைக் குழம்புக்கும், பாதியை மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிசறி வறுவலுக்கும் ஒதுக்குங்கள். வறுவலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: அரைமணி ஊறட்டும், தோசைக்கல் நன்றாகக் காயட்டும், அடிப்பக்கம் தானாக விடும்வரை திருப்பாதீர்கள்.

குழம்புக்கு வேண்டியவை: எலுமிச்சை அளவு புளி, உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், நடுத்தரத் தக்காளி 2, மிளகாய்த்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 மேசைக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு இணுக்கு, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு. ஏப்ரல், மே மாதங்களில் புளியைப் பாதியாக்கி, ஒரு புளிப்பு மாங்காயைத் தோலோடு நறுக்கிச் சேருங்கள். அந்தத் தடைக்காலத்தில்தான் மாங்காயும் மலிவு, கரையோரச் சிறு மீனும் மலிவு. நெத்திலி கிடைத்தால் மாங்காயோடு அதற்கு ஈடே இல்லை.

புளியை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, மூன்று கோப்பைக் கரைசலாக்கிக்கொள்ளுங்கள். அகலமான மண்சட்டியில் எண்ணெயைக் காயவைத்து வெந்தயத்தைப் போடுங்கள். பொன்னிறம் தாண்டினால் குழம்பே கசந்துவிடும் என்பதால், நிறம் மாறத் தொடங்கிய கணத்திலேயே கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து அதன் சூட்டைத் தணித்துவிட வேண்டும். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் தக்காளியைப் போட்டுக் கரையும்வரை வதக்கி, தீயைக் குறைத்து, தூள்களைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறுங்கள். பிறகு புளிக்கரைசலும் உப்பும். இனி 15 நிமிடம் குழம்பு தனியாகக் கொதிக்கட்டும். புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான்: பச்சை வாடை போகும் முன் மீனைப் போட்டுவிட்டு, குழம்பு வேகட்டும் என்று காத்திருக்க, மீன் கரைந்துபோகும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதும், குழம்பு கரண்டியின் பின்புறத்தில் ஒட்டுவதும்தான் மீன் போடுவதற்கான அடையாளம்.

மீனை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காக இறக்குங்கள். இந்த நிமிடத்திலிருந்து சட்டிக்குள் கரண்டி போகக் கூடாது. மத்தியின் தோல் மெல்லியது, கரண்டி பட்டால் கிழிந்து சதை முள்ளோடு பிரியும். கிளற வேண்டும் என்று தோன்றினால், துணியால் சட்டியின் விளிம்பை இரு பக்கமும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். மிதமான தீயில் 6 அல்லது 7 நிமிடம் போதும். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் கொதி கொஞ்ச நேரம் அடங்காது. அந்தச் சூட்டையும் கணக்கில் வைத்து ஒரு நிமிடம் முன்னதாகவே அணைப்பது என் வழக்கம்.

8. சாப்பிடும் நேரம்

காலை 8 மணிக்கு மீன் வாங்கினால் 11 மணிக்குள் குழம்பு தயாராகிவிடும். ஆனால் இது இரவுச் சாப்பாட்டுக்கான குழம்பு. ஆறியதும் மூடி குளிர்பெட்டியில் வைத்து, சாப்பிடும் முன் ஒருமுறை கொதிக்கவிடுங்கள். புளியும் காரமும் மீனுக்குள் இறங்க அந்த இடைவெளி வேண்டும். வறுவலை மட்டும் சாப்பிடும் நேரத்தில் சுடச்சுடப் போடுங்கள். ஊறவைத்த மீனையும் அதுவரை குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

மிஞ்சிய குழம்பு மறுநாள் காலை இட்லிக்கு ஆகும், அதற்கு மேல் வைக்க வேண்டாம். உப்புப் போடும் முன் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். குடலையும் செதிலையும் தாளில் சுற்றிக் குப்பை வண்டி வரும் வரை உறைபெட்டியில் வைத்துவிட்டால் வீடு நாறாது. நான் இதைச் செய்ய மறந்த நாளில்தான், மே மாதம் என்னைக் கேள்வி கேட்ட அதே பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். வாடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, “மத்தியா? ஃபைபரா, லாஞ்சா?” என்று மட்டும் கேட்டார். இந்த முறை படகின் பெயரையே சொன்னேன், அவர் கிண்ணத்தை நீட்டினார்.